விற்றதா, வாடகைக்கு விட்டதா?

ஒரு பொருளை விற்றுவிட்டவனுக்கு அப்புறம் அந்தப் பொருளின்மீது என்ன அதிகாரம் இருக்கிறது?

ஒன்றுமில்லை என்பதுதான் நாம் அறிந்த வியாபார தர்மம். மாட்டை விற்றவன் மறுநாள் வந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போக முடியாது. புத்தகத்தை விற்ற பிரசுரகர்த்தர் பத்து வருஷம் கழித்து உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, 'இந்த நாவலால் எங்களுக்கு இப்போது லாபமில்லை. ஆகவே எடுத்துக்கொண்டு போகிறோம்' என்று சொன்னால் நீங்கள் போலீசைக் கூப்பிடுவீர்கள். அது நான் எழுதிய நாவலாயிருந்தால் உங்களுக்கு முன்னால் நானே கூப்பிடுவேன்.

ஆனால், இந்தக் காரியம் உலகத்தில் பகிரங்கமாக நடந்துகொண்டிருக்கிறது. செய்கிறவர்கள் திருடர்கள் அல்ல; பங்கு மார்க்கெட்டில் பெயர் உள்ள கம்பெனிகள். பறிகொடுத்தவர்கள் போலீசைக் கூப்பிடுவதில்லை; 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தைத் தாங்களே முன்பு அமுக்கியிருக்கிறார்கள் அல்லவா?

நான் பேசுவது வீடியோ கேம் என்கிற விளையாட்டைப் பற்றி.

'இதென்ன, நாவல் எழுதுகிறவர் குழந்தைகள் சமாசாரத்துக்கு வந்துவிட்டார்!' என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று முகம் சுளித்த பெரியவர்கள் இருந்தார்கள். சினிமாவைக் கூத்து என்று ஒதுக்கிய பண்டிதர்கள் இருந்தார்கள். முகம் சுளிப்பவர்களைத் தாண்டித்தான் ஒவ்வொரு கலையும் வந்திருக்கிறது. ஒரு கதையைக் காதால் கேட்டோம், கண்ணால் படித்தோம், திரையில் பார்த்தோம். இப்போது அதற்குள்ளேயே நடமாடுகிறார்கள். அதிலே குப்பை நிறைய உண்டு. நாவலில் இல்லையா? ஆனால் நல்லதும் உண்டு. அதற்காக வருஷக்கணக்கில் உழைக்கிற சித்திரக்காரர்களும் சங்கீதக்காரர்களும் கதாசிரியர்களும் உண்டு. ஆகவே இது என் வீட்டு விஷயம். என் பங்காளி வீட்டில் கொள்ளை போகும்போது நான் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்று ஒரு கார் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. அமெரிக்க தேசம் முழுவதையும் சுருக்கி ஒரு வரைபடமாக்கி, அதன் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று செய்திருந்தார்கள். அழகான கற்பனை. லட்சக்கணக்கானவர்கள் ரொக்கம் கொடுத்து வாங்கினார்கள். தனியாக ஓட்டினாலும்கூட, கம்பெனியின் சர்வரோடு கம்பியில்லாத ஒரு தொப்புள்கொடி அதற்கு இருந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 2023 டிசம்பரில் அதைக் கடையிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். அத்துடன் ஆட்டம் செத்தது. தட்டாக வாங்கி வைத்திருந்தவன் கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். அதோடாவது விட்டார்களா? அடுத்த மாதம், வாங்கியவர்களுடைய கணக்கிலிருந்தே அந்த உரிமத்தையும் பிடுங்கினார்கள். பிணத்தையாவது வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றால், அதுவும் கூடாது!

கலிபோர்னியாவில் இரண்டு ஆட்டக்காரர்கள் அந்த வருஷம் நவம்பரில் வழக்குப் போட்டார்கள். கம்பெனியின் பதில் என்ன தெரியுமா? உங்களுக்கு நாங்கள் கொடுத்தது அனுமதி மட்டுமே, உடைமை அல்ல என்பதுதான். வாங்கும்போது கடையில் இருந்த பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருந்தது. கோர்ட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு வேறு அகராதி! கலிபோர்னியா அரசாங்கமே இந்த அகராதிக் கோளாறைக் கவனித்து, இப்படி அனுமதியை மட்டும் விற்கிறவன் அதை வாங்குகிறவனிடம் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று 2024-இல் ஒரு சட்டம் செய்தது. 2025 ஜனவரி முதல் அது அமுலுக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: 'இந்தப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது' என்று பலகை எழுதி மாட்டச் சொல்கிற சட்டம் அது. தண்ணீர் கலப்பதை அது நிறுத்தவில்லை.

கம்பெனிக்காரர்களுடைய வாதத்தையும் நான் கேட்டிருக்கிறேன். 'சர்வரை நடத்த மாதா மாதம் செலவாகிறது. நாலு பேர் ஆடுவதற்காக நாங்கள் ஆயுளுக்கும் அதைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா?' என்கிறார்கள்.

முடியாது. யாரும் அப்படிக் கேட்கவுமில்லை. 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் இதை எதிர்த்து ஓர் இயக்கம் ஆரம்பித்தார். ஐரோப்பாவில் அதே கோரிக்கையை மனுவாக்கி, ஒரு வருஷத்துக்குள் 10 லட்சம் கையெழுத்துச் சேர்க்கவேண்டும் என்று கிளம்பினார்கள். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்கள். அவர்கள் கேட்பது என்ன? சர்வரை நிறுத்துகிறபோது, வாங்கியவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானாகவே ஆடிக்கொள்ளும்படி ஒரு வழி செய்துவிட்டு நிறுத்துங்கள் என்பது. அவ்வளவுதான். கடையைக் கட்டிக்கொண்டு போகிறவரே, போகிறபோது என் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போம் என்கிறான் வாங்கியவன். இதற்கு ஐரோப்பியக் கம்பெனிகளின் சங்கம், இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் ஆட்டங்களைத் தயாரிக்கக் கட்டுப்படியாகாது என்று பதில் அறிக்கை விட்டது.

கட்டுப்படியாகாதா? அதே யூபிசாஃப்ட், எதிர்ப்புக் கிளம்பிய பிற்பாடு, 2024 செப்டம்பரில், அந்த வரிசையில் பின்னால் வந்த இரண்டு ஆட்டங்களுக்குச் சர்வர் இல்லாமலே ஆடும் வசதி செய்து தருவதாக அறிவித்தது. முதல் ஆட்டத்தையோ, கம்பெனி கைவிட்ட பிறகு, ரசிகர்கள் சிலர் கூடித் தங்கள் சொந்த உழைப்பில் 2025-இல் மறுபடி ஓடவைத்தார்கள். கூலி வாங்காத நாலு பிள்ளைகள் செய்த வேலையைக் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிற கம்பெனி செய்ய முடியாது என்றால், முடியாது என்ற சொல்லுக்கு மனமில்லை என்று அர்த்தம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இதைவிட மோசமானது.

விற்ற பொருளைப் பிடுங்குவது ஒருவகை என்றால், விற்ற பொருளை முழுசாகக் கொடுக்காமலே இருப்பது இன்னொரு வகை. இதன் ஆதி சரித்திரம் வேடிக்கையானது. 2006-ஆம் வருஷம் 'ஆப்ளிவியன்' என்ற ஆட்டத்தில் குதிரைக்குப் போடும் ஒரு கவசத்தைத் தனியாக 2.50 டாலருக்கு விற்றார்கள். அதைப் போட்டால் குதிரை கொஞ்சம் அழகாக இருக்கும். வேறு பிரமாதமான பிரயோசனம் இல்லை. உலகமே சிரித்தது. சிரித்துக்கொண்டே பலர் வாங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் சிரிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை, கல்லாவைத்தான் எண்ணினார்கள். அன்று குதிரைக்குப் போட்ட கவசம்தான் இன்று ஆட்டக்காரன் கழுத்தில் நுகத்தடியாகக் கிடக்கிறது. சட்டைக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை, சீக்கிரம் முன்னேறுவதற்கு ஒரு விலை, காத்திருக்காமல் இருப்பதற்கு ஒரு விலை. முழுச் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்த பிறகு உப்புக்கும் ஊறுகாய்க்கும் பில் போடுகிற ஓட்டல் இது.

அதற்கும் மேலே போனார்கள். என் தங்கை மகன் கல்லூரியில் சேர்ந்த வருஷம், கைச்செலவுக்குக் கொடுத்த பணம் பத்து நாளில் தீர்ந்துவிட்டது என்று என்னிடம் வந்து நின்றான். எங்கே போயிற்று என்றேன்.

"பெட்டி வாங்கினேன் மாமா."

"என்ன பெட்டி?"

"ஆட்டத்துக்குள்ளே ஒரு பெட்டி. திறந்தாத்தான் உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். நல்லது வரும்னு நெனச்சேன்."

"வந்ததா?"

"அடுத்த பெட்டியிலே வந்திருக்கும், மாமா."

அவன் முட்டாள் அல்ல. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவன். அந்த ஆட்டத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். அந்தப் பிழைப்புப் பிழைக்கிறவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். நான் யோசித்ததெல்லாம் 'அடுத்த பெட்டியிலே' என்ற அந்த வார்த்தையைத்தான். அது யாருடைய வார்த்தை? மூன்று சீட்டு ஆடுகிறவனுடைய வார்த்தை அது. லாட்டரிச் சீட்டுக் கடை வாசலில் நின்றவனுடைய வார்த்தை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நம்முடைய பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ரம்மியால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த நாம் அதை வரவேற்றோம். ஆனால் சூது என்றால் அதிலே சீட்டுக்கட்டு இருக்கவேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொம்மைப் படம் போட்ட பெட்டிக்குள் அது ஒளிந்துகொண்டால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

பெல்ஜியத்துக்காரர்களுக்குத் தெரிந்தது. 2017 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. விலை 60 டாலர். அதைக் கொடுத்து வாங்கிய பிறகும், டார்த் வேடர் போன்ற ஒரு முக்கியப் பாத்திரத்தை அடைய வேண்டுமானால் 40 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று ஓர் ஆட்டக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். சிரமப்பட விருப்பமில்லாதவர்களுக்காகப் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் காத்திருந்தன. கேள்வி கேட்டபோது, உழைத்துப் பெறுவதில் உங்களுக்கு ஒரு பெருமிதம் கிடைக்கட்டும் என்றுதான் இப்படி வைத்தோம் என்று கம்பெனியின் தரப்பில் பதில் எழுதினார்கள். அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் அதிகமான எதிர் வாக்குகள் விழுந்து, அது கின்னஸ் சாதனைப் புத்தகத்திலேயே இடம் பிடித்தது! ஆட்டம் வெளியாகும் தறுவாயில் அந்த விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்புக் குழு, இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டமே என்று தீர்ப்புச் சொல்லிற்று. கோபப்படத் தெரிந்த வாடிக்கைக்காரனும், கண் திறந்திருக்கிற அரசாங்கமும் இருந்தால் காரியம் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இந்தத் தொழிலில் அதிகமாகச் செலவழிக்கிற வாடிக்கைக்காரனுக்கு அவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பெயர் 'திமிங்கிலம்'. விருந்தாளி அல்ல, ரசிகன் அல்ல, வாசகன் அல்ல... திமிங்கிலம்! ஒரு மனிதனைக் கொழுப்புக்காக வேட்டையாடும் பிராணியின் பெயரால் அழைக்கிறவனிடம் நீங்கள் என்ன தயவை எதிர்பார்க்கப் போகிறீர்கள்? 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து, வேண்டாத சாமான்களையெல்லாம் வாங்கவைத்தது என்று அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 24 கோடியே 50 லட்சம் டாலரை வாடிக்கைக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கக் கம்பெனி 2022 டிசம்பரில் சம்மதித்தது. அந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களில் கணிசமானவர்கள் சிறுவர்கள். பொத்தானை எங்கே வைத்தால் குழந்தையின் விரல் தவறி விழும் என்று யோசிப்பதற்கும் மூளை இருக்கிறது. அதற்குச் சம்பளமும் இருக்கிறது!

'ஐயா, தயாரிப்புச் செலவு ஏறிவிட்டது. வேறென்ன செய்வது?' என்பார்கள் அவர்களுடைய வக்கீல்கள்.

ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. விலையையும் ஏற்றத்தானே செய்திருக்கிறார்கள்! 60 டாலர் விற்ற பெரிய ஆட்டங்கள் 2020 முதல் 70 டாலராயின. ஆனால், ஏறிய செலவில் எத்தனை பங்கு பேராசைக்குப் போகிறது என்று பார்க்கவேண்டாமா? ஒரே மாதிரி ஆட்டம் ஒன்று லாபம் சம்பாதித்தால், பத்துக் கம்பெனிகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. சோனி கம்பெனி 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி 'கான்கார்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஏற்கெனவே பலர் கட்டிய அதே அச்சில் வார்த்தது. வருஷக்கணக்கில் உழைத்துச் செய்தது. ஆட ஆளில்லை. செப்டம்பர் 6-ஆம் தேதி, இரண்டே வாரத்தில், அதை மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம், அதைச் செய்த ஸ்டூடியோவையே இழுத்துப் பூட்டினார்கள். கணக்குத் தப்பியது மேலிடத்தாருக்கு. வேலை போனது சித்திரம் வரைந்தவனுக்கு.

சரி, தோற்றால்தான் இந்தக் கதி என்று நினைக்கிறீர்களா? ஜப்பானில் டாங்கோ கேம்வொர்க்ஸ் என்றொரு ஸ்டூடியோ. 2023 ஜனவரியில் அவர்கள் செய்த 'ஹை-ஃபை ரஷ்' என்ற ஆட்டத்தை விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருமுகமாகப் பாராட்டினார்கள். அந்த ஸ்டூடியோவின் சொந்தக்காரரான மைக்ரோசாஃப்ட், அதே வருஷம் அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்ட் என்ற கம்பெனியை 6,870 கோடி டாலருக்கு விலைபேசி முடித்தது. மறு வருஷம் மே மாதம் டாங்கோவை மூடுவதாக அறிவித்தது. பிற்பாடு ஒரு கொரியக் கம்பெனி கைகொடுத்து அவர்களைக் காப்பாற்றியது வேறு விஷயம். தோற்றாலும் மூடுவோம், ஜெயித்தாலும் மூடுவோம் என்றால், இந்தச் சபையில் கலைஞனுக்கு என்னதான் தர்மம்?

கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கு நான் இரண்டு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுகிறேன். ஒருவர் எரிக் பரோன். தன்னந்தனியாக, படமும் பாட்டும் கதையும் தானே செய்து, 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். ஒரு கிராமத்துக்கு வந்து பயிர் செய்து பிழைக்கிற ஒருவனுடைய கதை. அதன் பிறகு பல வருஷங்கள் அதிலே புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்; முன்பு வாங்கியவனிடம் ஒரு காசு கேட்கவில்லை. 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இன்னொருவர் பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோ. அவர்களுடைய 'பால்டர்ஸ் கேட் 3' 2023-இல் வந்தது. பெட்டி கிடையாது, உள்ளே கடை கிடையாது. விலையைக் கொடுத்தால் முழு ஆட்டமும் உன்னுடையது. அந்த வருஷத்தின் பெரிய பரிசுகளையெல்லாம் அது அள்ளிக்கொண்டு போயிற்று, பணமும் கொட்டியது. யோக்கியமாக விற்றால் விற்காது என்பது, யோக்கியமாக விற்றுப் பார்க்காதவர்களின் சித்தாந்தம்.

வியாபாரமே பாவம் என்று பேசுகிற ஆசாமி நான் அல்ல. பத்திரிகையில் தொடர்கதை எழுதி, வாரா வாரம் கடைசி வரியில் கதாநாயகியைக் கிணற்றங்கரையில் நிறுத்திவிட்டு, 'தொடரும்' என்று போட்டுப் பிழைத்தவன். வாசகனை அடுத்த வாரம் கடைக்கு வரவழைக்கிற தந்திரம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. என்றோ ஒரு வாரம் 'முற்றும்' என்று நான் எழுதியாகவேண்டும். எழுதிய பிறகு அந்தக் கதை என்னை விட்டுப் போய்விடுகிறது. வாராந்தரிகளில் வந்த தொடர்கதைகளை நம் பாட்டிமார்கள் பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து, படங்களோடு சேர்த்துப் பைண்டு பண்ணி, பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தார்களே, அந்தப் புத்தகங்களை எந்தப் பத்திரிகை முதலாளி திரும்பக் கேட்டான்? பத்திரிகை நின்றுபோயிருக்கும், எழுதியவர் காலமாகியிருப்பார், பைண்டு புத்தகம் மட்டும் பேத்தியின் கைக்கு வந்திருக்கும். ஒரு கலை ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு நடந்து போகிற பாதை அது.

அந்தப் பாதையைத்தான் இவர்கள் வெட்டுகிறார்கள். இவர்களுடைய ஆட்டத்துக்கு 'முற்றும்' கிடையாது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சீட்டு வாங்கவேண்டும். இத்தனை நாளுக்குள் ஆடாவிட்டால் பரிசு போய்விடும். தினமும் வந்து தலையைக் காட்டவேண்டும். விளையாட்டு என்பது வேலை முடிந்து வந்து செய்வது என்று இருந்தது. இப்போது அதற்கும் வருகைப் பதிவேடு வைத்துவிட்டார்கள். கதையை முடிக்கமாட்டார்கள், கறக்கிற வரையில் கறந்துவிட்டு, மடி வற்றியதும் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முடிவு வேறு, நிறுத்தம் வேறு என்பது கதை எழுதுகிற எவனுக்கும் தெரியும்.

அமெரிக்காவில் வீடியோ கேம்களின் சரித்திரத்தைக் காப்பாற்றுவதற்காக உழைக்கிற ஒரு ஸ்தாபனம் 2023-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கவே கிடைக்காது என்று அதில் கண்டது. அவற்றிலாவது பழைய தட்டு யாரிடமாவது இருந்தால் போட்டுப் பார்க்கலாம். சர்வரோடு கட்டிப்போட்ட இந்தக் காலத்து ஆட்டங்களுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. பரண் மேல் கிடந்த ஏட்டுச்சுவடியைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். ஏதோ ஒரு பரணில் ஏடு கிடந்ததால் அலைந்தார். பரணும் எங்களுடையது, ஏடும் எங்களுடையது, வேண்டாதபோது இரண்டையும் கொளுத்துவோம் என்று ஒரு கம்பெனி சொல்லியிருந்தால் எந்த ஐயர் எங்கே போய்த் தேடியிருப்பார்?

யூபிசாஃப்டின் சந்தாப் பிரிவு அதிகாரி ஒருவர் 2024 ஜனவரியில் ஒரு பேட்டி கொடுத்தார். ஆட்டங்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு ஜனங்கள் பழகிக்கொண்டால்தான் சந்தா முறை பெருகும் என்ற பொருளில் பேசினார். எனக்குக் கோபம் மூட்டுவது இந்தப் 'பழகிக்கொள்ளுங்கள்' என்கிற தோரணைதான். இன்று ஆட்டத்துக்குப் பழகினால், நாளைக்குப் பாட்டுக்குப் பழகச் சொல்வார்கள், மறுநாள் புத்தகத்துக்கு. கைப்பேசியில் காசு கொடுத்து நாவல் 'வாங்குகிற' வாசகர்களே, நீங்கள் எதை வாங்கினீர்கள் என்று அந்தக் கம்பெனியின் நிபந்தனைகளை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய சலுகை ஒன்றுமல்ல. விற்கிறவன் விற்கட்டும், நல்ல விலைக்கே விற்கட்டும். விற்ற பிறகு கையை எடுக்கட்டும். பெட்டிக்குள் இருப்பதைக் காட்டி விற்கட்டும். காட்ட முடியாதென்றால், சூதாட்டக் கிடங்கு என்று பலகை மாட்டிக்கொண்டு, அதற்குரிய வரியையும் சட்டத்தையும் ஏற்றுக்கொண்டு, குழந்தைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பட்டும். வாடகைக்கு விடுகிறவன் வாடகை என்று எழுதி, எத்தனை நாளைக்கு என்றும் எழுதட்டும். நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த குதிரைக் கவசம் கடைக்கு வரும்போது, சிரித்துக்கொண்டே வாங்காமல் இருப்பது.